கப்பலில் நாலு பேருக்கும் ஒரே அறையா, இரண்டா? மிச்சமாகும் 36,000 ரூபாயின் கணக்கு

கேள்வி: திருச்சியில் வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 39. அம்மாவுக்கு (67) ரொம்ப நாள் ஆசை, அதனால் சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நாலு இரவு குரூஸ் போகலாம் என்று இருக்கிறோம். அம்மா, சித்தி (61), தம்பி (33, கல்யாணம் ஆகவில்லை), நான் என்று நாலு பேர். கணவர் துபாயில் இருக்கிறார், இந்த முறை வரவில்லை. ஏஜென்ட் கொடுத்த விலை இது: ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்றில் நாலு பேரும் தங்கினால் முதல் இருவருக்கு ஆளுக்கு 42,000, மூன்றாவது, நாலாவது ஆளுக்கு 24,000. இரண்டு உள் அறை எடுத்தால் நாலு பேருக்கும் 42,000. பால்கனி அறை ஒன்றில் நாலு பேர் என்றால் முதல் இருவருக்கு 62,000, மற்ற இருவருக்கு 30,000. துறைமுகக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 11,000 தனி. அம்மா "ஒரே ரூம் போதும், தூங்கத்தானே போறோம்" என்கிறார். சித்தி குடும்ப ஓய்வூதியத்தில் இருப்பவர். தன் பங்கைத் தானே கொடுப்பேன், மேல் படுக்கையில் படுத்துக்கொள்கிறேன், 24,000 மட்டும் தருகிறேன் என்கிறார். தம்பியும் அதே 24,000 கணக்கைத்தான் சொல்கிறான், கூடவே டிரிங்ஸ் பேக்கேஜும் (நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுக் கப்பலில் மது வாங்கிக் குடிக்கும் திட்டம்) கேட்கிறான். ஒரே அறை எடுத்து மிச்சம் பிடிப்பது சரியா? யார் எவ்வளவு கொடுப்பது?

பதில்: என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு உள் அறை எடுங்கள், பால்கனியை மறந்துவிடுங்கள். ஏன் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே அறை என்றால் 84,000 + 48,000, ஆக மொத்தம் 1,32,000. இரண்டு அறை என்றால் 1,68,000. வித்தியாசம் 36,000. கேட்க பெரிய தொகைதான். ஆனால் பயணத்தின் மற்ற செலவுகள் எதுவும் அறையைப் பகிர்வதால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. துறைமுகக் கட்டணம் ஆளுக்கு ஆள். கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸும் ஆளுக்கு ஆள்தான், ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை பில்லில் தானாக ஏறும், மேல் படுக்கையில் படுத்தவருக்குத் தள்ளுபடி கிடையாது. 18 டாலர் என்று வைத்தாலும் நாலு நாளைக்கு ஆளுக்கு 6,500 ரூபாய் பக்கம் வரும். திருச்சி - சிங்கப்பூர் போகவர டிக்கெட் 24,000 என்றும், விசா, காப்பீடு, சிங்கப்பூரில் ஒரு இரவு ஓட்டல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10,000 என்றும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அறைக் கணக்கில் நாலு பேருக்கும் சேர்த்து 3,74,000 ஆகிறது, ஒரே அறை என்றால் 3,38,000. நூற்றுக்குப் பத்து ரூபாய்கூட மிச்சமில்லை. ஆளுக்கு 9,000, ஓர் இரவுக்கு 2,250. ஆக நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த 2,250 ரூபாய்க்காக நாலு பெரியவர்கள் ஒரே பாத்ரூமை வைத்துக்கொண்டு சமாளிக்கத் தயாரா?

குழந்தைகளோடு போகிறவர்கள் என்றால் நான் தயங்காமல் ஒரே அறை என்பேன். கப்பல் அறைகளில் மூன்றாவது, நாலாவது படுக்கை இருப்பதே பெரும்பாலும் அதற்காகத்தான். நாலும் பெரியவர்கள் என்றால் விஷயம் வேறு. உள் அறை என்பது பெரும்பாலான கப்பல்களில் 150 முதல் 180 சதுர அடிதான், கிட்டத்தட்ட பத்துக்குப் பதினாறு, அதற்குள்ளேயே அலமாரியும் பாத்ரூமும் அடக்கம். கீழே இரண்டு கட்டில், அவற்றைச் சேர்த்தால் டபுள் காட், பிரித்தால் தனித்தனி. மற்ற இரண்டு படுக்கையும் சுவரிலோ கூரையிலோ மடங்கி இருக்கும், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் வந்து இறக்கி ஏணியை மாட்டிவிட்டுப் போவார். ஏணி மாட்டியபின் நடக்க இருக்கும் இடம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுதான். கீழே படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஜன்னல் கிடையாது என்பதால் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. இதில் 61 வயதில் சித்தி நடுராத்திரி பாத்ரூம் போக ஏணியில் இறங்க வேண்டும், அதுவும் கப்பல் லேசாக ஆடும்போது. ரயிலில் அப்பர் பெர்த்தில் போன தைரியத்தில் அவர் சொல்லியிருப்பார், ஆனால் இது ஓர் இரவோடு முடிகிற ரயில் பயணம் இல்லையே. ஒரு தடவை கால் தவறினால் கப்பல் மருத்துவமனையில் வரும் டாலர் பில்லுக்கு முன்னால் இந்த 36,000 ஒன்றுமே இல்லை.

காலை நேரத்தையும் யோசியுங்கள். பினாங்கில் இறங்கும் நாளில் நாலு பேரும் ஒரே நேரத்தில் குளித்துக் கிளம்ப வேண்டும். பாத்ரூமில் ஒருவர் திரும்பினாலே முழங்கை இடிக்கும், ஆகவே புடவை கட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் அறைக்குள்தான் நடக்கும், அப்போது தம்பி வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். அம்மா விடிகாலையில் எழுகிறவர் என்றால் தம்பி ஷோ பார்த்துவிட்டு வந்து படுத்த மூன்று மணி நேரத்தில் விளக்கு எரியும். (விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, சாமி விளக்கும் ஊதுபத்தியும் கப்பல் அறைக்குள் ஏற்றக்கூடாது, நெருப்பு விஷயத்தில் ரொம்பக் கறாராக இருப்பார்கள். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.)

அடுத்தது பால்கனி. ஒரே அறைதான் எடுக்கிறோம், அதையாவது நல்லதாக எடுப்போமே என்று நாலு பேராகப் போகிறவர்கள் நிறையப் பேர் இதில்தான் போய் மாட்டுகிறார்கள். உங்கள் ஏஜென்ட் விலையிலேயே பாருங்கள், பால்கனியில் நாலு பேர் என்றால் 1,24,000 + 60,000, ஆக 1,84,000. இரண்டு உள் அறையைவிட 16,000 அதிகம் கொடுத்து ஒரு பாத்ரூமும் ஒரு குட்டி பால்கனியும் வாங்குகிறீர்கள். கடலைப் பார்க்க மேல்தளம் முழுக்க இலவசமாக இருக்கிறது, அங்கே நாற்காலி போட்டு உட்காருங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் பால்கனி விலையைக் கேட்கும்போதெல்லாம் இரண்டு உள் அறையின் விலையையும் கூடவே கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது தம்பியின் டிரிங்ஸ் பேக்கேஜ். இது உங்கள் பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும், அதனால் கவனமாகப் படியுங்கள். ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய கம்பெனிகளில் ஓர் அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால், அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்பது விதி. ஒரே பேக்கேஜில் நாலு பேர் மாற்றி மாற்றிக் குடிக்காமல் இருக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு 70 டாலர், டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் நாலு நாளைக்கு ஓர் ஆளுக்கு 25,000 ரூபாய் தாண்டும். ஒரே அறை எடுத்து 36,000 மிச்சம் பிடித்துவிட்டு, மோர் தவிர எதையும் தொடாத அம்மாவுக்கும் சித்திக்கும் சேர்த்து லட்ச ரூபாய்க்கு மது பேக்கேஜ் வாங்கி நிற்பீர்கள். போன் போட்டுப் பேசினால் சில சமயம் விதிவிலக்கு தருவார்கள், ஆனால் அதை நம்பி புக் செய்யக்கூடாது. இரண்டு அறை எடுத்தாலும் தம்பி அறையில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் உண்டு, ஆகவே என் யோசனை, பேக்கேஜே வேண்டாம். வேண்டியதைக் கிளாஸ் கணக்கில் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும். நாலு இரவுப் பயணத்தில் அதுதான் பெரும்பாலும் மலிவு.

சரி, யார் எவ்வளவு கொடுப்பது? சித்தியும் தம்பியும் 24,000 என்று சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. அந்தக் குறைந்த விலை அந்த அறைக்குக் கிடைக்கிற தள்ளுபடி, குறிப்பிட்ட இரண்டு பேருக்குக் கிடைப்பது இல்லை. முதல் இருவர் முழு விலை கொடுப்பதால்தான் அடுத்த இருவருக்கு அது கிடைக்கிறது. ஒரே அறை எடுத்திருந்தால் 1,32,000-ஐ நாலால் வகுத்து ஆளுக்கு 33,000 என்பதுதான் நியாயம். மேல் படுக்கையில் படுப்பவருக்கு ஏதாவது விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்களுக்குள் பேசி முடிக்கிற விஷயம், ஏஜென்ட் பில்லில் யார் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு அறை எடுக்கும்போது அந்த 33,000-ஐ அடிப்படையாக வையுங்கள். சித்தி ஒரே அறை போதும் என்று சொன்னவர், வசதிக்காக இரண்டாவது அறை எடுப்பது நீங்கள், ஆகவே கூடுதல் செலவை அவர் தலையில் வைக்கக்கூடாது. அவர் 33,000 கொடுக்கட்டும். அவர் நினைத்ததைவிட 9,000 அதிகம்தான், ஆனால் கணக்கை எழுதிக் காட்டினால் ஒத்துக்கொள்வார், பிறர் கையை எதிர்பார்த்து வந்தோம் என்ற எண்ணமும் அவருக்கு வராது. அவர் பங்கில் குறையும் 9,000-ஐ நீங்களும் தம்பியும் ஆளுக்கு 4,500 போடுங்கள். அம்மாவின் 42,000-ஐ ஆளுக்கு 21,000. அவரவர் சொந்த 42,000-ஐயும் சேர்த்தால் நீங்களும் தம்பியும் ஆளுக்கு 67,500. 67,500 இரண்டு, 33,000 ஒன்று, மொத்தம் 1,68,000, கணக்கு சரி. துறைமுகக் கட்டணம், டிப்ஸ், விமானம் தனி, அதில் அம்மாவுடையதை நீங்கள் இருவரும் பாதிப் பாதி. தம்பி இதற்கு முணுமுணுத்தால், தனியாக ஒருவர் ஓர் அறை எடுத்தால் பல கப்பல்களில் இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். அவன் தனியாகப் போனால் ஆகும் செலவைவிட இது எவ்வளவோ குறைவு.

ஏஜென்ட் டிசிஎஸ் என்று ஒரு தொகை பிடிப்பார். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜுக்கு முன்கூட்டியே பிடிக்கும் வரி அது, யார் பான் எண்ணில் புக் ஆகிறதோ அவர் கணக்கில் போய்ச் சேரும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே புக்கிங்கை உங்கள் பானில் போடுங்கள், சம்பளக்காரர் என்பதால் சுலபமாகத் திரும்ப எடுத்துவிடுவீர்கள். அம்மா, சித்தி பானில் போட்டால் அந்தப் பணத்துக்காகவே அவர்கள் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கும். உங்களுக்குத்தான் திரும்பி வருகிறது என்பதால் டிசிஎஸ் தொகையை நாலு பங்கில் சேர்க்காதீர்கள்.

பயணம் ரத்தானால் என்ன என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் 33 வயதில் தனியார் வேலையில் இருக்கும் தம்பிக்குத்தான் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். ஒரே அறையில் ஒருவர் விலகினால் குறைவது 24,000 மட்டும்தான், மூன்று பேருக்கு 1,08,000 ஆகும், 33,000 கொடுத்தவர்கள் 36,000 கொடுக்க வேண்டிவரும். இரண்டு அறையில் ஒருவர் விலகினால் அதே அறையில் மிச்சம் இருப்பவர் இரண்டு பேர் கட்டணம் சுமக்க நேரிடும். முழுப் பணம் கட்ட வேண்டிய கெடு (சிறிய பயணங்களுக்குப் பல கம்பெனிகளில் சுமார் 75 நாள் முன்பு) வருவதற்குள் தெரிந்தால் மூன்று பேரையும் ஓர் அறைக்கு மாற்றிவிடலாம், கெடு தாண்டினால் கஷ்டம். யார் விலகுகிறார்களோ அவர்கள்தான் மற்றவர்களுக்கு ஏறும் தொகையையும் கொடுக்க வேண்டும் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டு எல்லோரிடமும் "ஓகே" வாங்கிவிடுங்கள். கூடப்பிறந்தவனிடம் இதைக் கேட்க சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

அறைக்குள் யார் யார் என்பதில் எனக்குத் தோன்றுவது, அம்மாவும் சித்தியும் ஓர் அறையில், நீங்களும் தம்பியும் ஓர் அறையில், நாலு பேருக்கும் கீழ்ப் படுக்கை. இரண்டு அறையும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். "கியாரண்டி" என்று கொஞ்சம் குறைந்த விலையில் விற்பார்கள், அதில் அறை எண்ணைக் கம்பெனிதான் முடிவு செய்யும், ஓர் அறை மூன்றாம் தளத்திலும் இன்னொன்று பத்தாம் தளத்திலும் வந்தால் கேட்க முடியாது. அம்மாவோடு போகும்போது அந்த மிச்சம் வேண்டாம். ஒருவேளை பணம் புரட்ட முடியாமல் ஒரே அறைக்குத்தான் போகிறீர்கள் என்றால் சீக்கிரம் புக் செய்யுங்கள். உயிர்காப்புப் படகுகளின் கொள்ளளவை வைத்துத்தான் மூன்றாவது, நாலாவது ஆட்களை ஏற்றுவார்கள், அதனால் அறை காலியாக இருந்தாலும் நாலு பேருக்கு இடமில்லை என்று சொல்லிவிடுவது உண்டு. ஏஜென்ட் இஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம், அதற்குப் பதில் பயணத்தை ஆறு மாதம் தள்ளிப் போட்டுச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

36,000-ஐ வேறு இடத்தில் எடுக்கப் பாருங்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கும் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போய்விடலாம், அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஒரு டாக்ஸி. கப்பலில் விற்கும் டூர் அங்கே தேவையே இல்லை. புக்கெட்டில் பல சமயம் கப்பலைக் கரையிலிருந்து சற்றுத் தள்ளிக் கடலில் நிறுத்தி சின்னப் படகில் கரைக்கு அழைத்துப் போவார்கள், அம்மாவும் சித்தியும் அன்றைக்கு இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம், சாப்பாடு எப்படியும் கட்டணத்தில் அடங்கியதுதானே. மே, டிசம்பர் விடுமுறையைத் தவிர்த்தால் கட்டணமும் இறங்கும்.

கப்பலில் ஏறியதும் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் ஒவ்வொருவர் அறைக் கார்டையும் (கப்பலில் வாங்குவதெல்லாம் அதில்தான் பதிவாகும்) அவரவர் பணத்தோடு இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தம்பி குடிப்பதும் சேர்ந்து உங்கள் கிரெடிட் கார்டில் ஏறும். டெபிட், ஃபாரெக்ஸ் கார்டு கொடுத்தால் செலவுக்கு மேல் ஒரு தொகையை முடக்கி வைத்து விடுவிக்கச் சில நாள் ஆகும், அதனால் அந்தக் கார்டில் திரும்பும் வழிச் செலவுக்கு உள்ள பணத்தை வைக்காதீர்கள்.

முன்பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: அறைக் கட்டணம், துறைமுகக் கட்டணம், டிப்ஸ், டிசிஎஸ் தனித்தனியாக, இரண்டு அறைகளின் எண்கள், முழுப் பணம் கட்டும் தேதியும் அதன்பின் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும், டிரிங்ஸ் பேக்கேஜ் விதி இந்தக் கப்பலுக்கு எப்படி என்பதும். காப்பீட்டில் அம்மாவின் பழைய நோய்களுக்கும் கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவுக்கும் இடம் இருக்கிறதா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், ஏஜென்ட் வாய் வார்த்தையாகச் சொல்வது போதாது.