சுகர்னு வந்துடுச்சு, மாத்திரை போட்டா கிட்னி போயிடுமா?

கேள்வி: எனக்கு 43 வயசு. ஆபீஸ்ல எல்லாருக்கும் எடுத்த டெஸ்ட்ல ஃபாஸ்டிங் 152, ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ஹெச்பிஏ1சி 7.6னு வந்துச்சு. இன்னொரு தடவை எடுத்தும் அதேதான். டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார். ஆனா மாத்திரை ஆரம்பிச்சா கிட்னி போயிடும்னு சொல்றாங்க. உடம்புல எந்தத் தொந்தரவும் இல்ல. வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லல. மூணு மாசம் டயட்ல இருந்துட்டு பாக்கலாமா?

பதில்: முதல்ல கிட்னி விஷயத்தைப் பேசிடுவோம், உங்களைத் தடுக்குறது அதுதான்னு தெரியுது. கிட்னியைக் கெடுக்குறது வருஷக்கணக்கா ரத்தத்துல ஏறி நிக்குற சுகரும், கூடவே இருக்குற பிபியும்தாங்க. மெட்ஃபார்மின் கெடுக்காது. கிட்னி ஏற்கனவே ரொம்ப பலவீனமா இருந்தா டாக்டர் அந்த மாத்திரையைக் குறைப்பாங்க இல்ல நிறுத்துவாங்க, அதுக்காகத்தான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற கிரியேட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொல்றது. நிறுத்துறதைப் பாத்தவங்க மாத்திரையாலதான் கிட்னி போச்சுன்னு நினைச்சுக்கிறாங்க, அந்தப் பேச்சு அப்படியே பரவுது. மெட்ஃபார்மின் முக்கியமா கல்லீரல் கூடுதலா சுகரை வெளிய விடுறதைக் குறைக்குது. ஆரம்பத்துல வயிறு கொஞ்சம் கலக்கலாம், சாப்பாட்டோட போட்டா நிறைய பேருக்கு சரியாயிடும், அப்பவும் சரியாகலேன்னா மெதுவா கரையுற மாத்திரை இருக்கு, கேளுங்க. பல வருஷம் போடுறவங்களுக்கு விட்டமின் பி12 குறையலாம், அதை அப்பப்ப டெஸ்ட் பண்ணிக்கணும்.

தொந்தரவு இல்லன்னு சொல்றீங்க பாருங்க, எனக்கு அதுதான் கவலையா இருக்கு. பெரியவங்களுக்குப் பொதுவா வர்ற டைப் 2 சுகர் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம இருக்கும், அதனாலதான் கண்டுபிடிச்ச உடனேயே கண் விழித்திரையைப் பாக்கச் சொல்றாங்க, பார்வை நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, யூரின்ல அல்புமின்ங்கிற புரதம் போகுதான்னு, பாதத்துல உணர்ச்சி, கொலஸ்ட்ரால் எல்லாத்தையும் இந்த மாசமே முடிச்சுடுங்க.

டயட் ஆசை தப்பே இல்ல, நிஜமாவே பலன் இருக்கு. 2017ல வெளிவந்த டைரக்ட்ங்கிற பிரிட்டன் ஆய்வுல, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்தவங்களை எடை குறைக்க வச்சாங்க, ஒரு வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே ஹெச்பிஏ1சி 6.5க்கு கீழ இருந்துச்சு. ஆனா அது கண்காணிப்போட நடந்தது, நீங்களா பட்டினி கிடக்குறது வேற. மூணு மாசம் மாத்திரை இல்லாம முயற்சி பண்ணணும்னா டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, சில பேருக்கு அவங்களே சரின்னு சொல்லுவாங்க. அவர் வேண்டாம்னா மாத்திரையும் டயட்டும் சேர்ந்தே போகட்டும், எடை நல்லா குறைஞ்சு அளவு இறங்கினா அதே டாக்டரே மாத்திரையைக் குறைப்பார். ஹெச்பிஏ1சி கடைசி ரெண்டு மூணு மாசத்து சராசரி, அதனால எப்படியும் மூணு மாசத்துல பலன் தெரிஞ்சிடும். சாப்பிட்டதும் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, தசை வேலை செய்யும்போது சுகரை அதுவே இழுத்துக்கும்.

வீட்ல இன்னைக்கே சொல்லிடுங்க. மறைச்சு வச்சுக்கிட்டு தட்டுல என்ன வருதோ அதைச் சாப்பிட்டா எந்த டயட்டும் நடக்காது, உங்க மேல தப்பு இருக்குற மாதிரி கூனிக்குறுக வேண்டிய விஷயமும் இல்ல இது. இன்னொண்ணு, இது குடும்பத்துல ஓடுற நோய், கூடப் பிறந்தவங்ககிட்டயும் சொல்லி அவங்களையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.