ஒற்றையடிப் பாதையில் முதல் பந்தயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலை சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, 'இனி என்ன செய்வது?' என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இவை. பாதிப் பேருக்கு மேல் கேட்டது செலவைப் பற்றி என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் இருப்பது 26 அங்குலச் சக்கரம், 21 கியர் கொண்ட சாதாரண சைக்கிள். ஏற்றத்தில் பாதியிலேயே இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கடன் வாங்கியாவது நல்ல சைக்கிள் வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், கோவை

வேண்டாம். உங்களை இறங்கித் தள்ள வைப்பது பெரும்பாலும் சைக்கிளின் எடை அல்ல, பின்னால் இருக்கும் பல் சக்கரம். இந்த ரக சைக்கிள்களில் முன்னால் சிறியது 24 பல், பின்னால் பெரியது 28 பல் என்றுதான் பொதுவாக வரும். எண்ணிப் பாருங்கள். அப்படி இருந்தால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 1.77 மீட்டர் நகரும். செங்குத்தான இடத்தில் அது அதிகம், கால் நின்றுவிடும்.

பின்னால் 14-34 பல் கொண்ட ஃப்ரீவீலை (பின் பல் சக்கரங்களின் தொகுப்பு) மாட்டினால் அதே ஒரு சுற்றுக்கு 1.46 மீட்டர்தான், மிதிப்பது அந்த அளவுக்கு இலகுவாகும். இப்போது லட்ச ரூபாய் சைக்கிளைப் பார்ப்போம். 29 அங்குலச் சக்கரம், முன்னால் 32 பல், பின்னால் 51 பல். கணக்குப் போட்டால் 1.43 மீட்டர் வருகிறது. ஏற்றத்தில் மிக இலகுவான கியர் என்று பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே! எடையும் சஸ்பென்ஷனும் வேறு கதை, அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் பந்தயத்துக்கு இந்த ஒரு மாற்றம் போதும். உங்கள் பின் டீரெய்லர், அதாவது செயினைப் பல் மாற்றும் கருவி, 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலது 28-க்கு மேல் ஏறாது. பழைய செயின் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எங்கள் பக்கம் எங்கே ஓட்டினாலும் பஞ்சர். கடைக்காரர் காற்றை நன்றாக ஏற்றி ஓட்டச் சொல்கிறார். சரியா?
– திண்டுக்கல் வாசகர்

தார்ச்சாலைக்குச் சரி. மண் பாதையில் டயர் கல்லென்று இருந்தால் பிடிமானம் போய்விடும், ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். 65 கிலோ எடை உள்ளவர், 2.2 அங்குல டயர், உள்ளே ட்யூப் என்றால் காற்றழுத்தத்தை முன்னால் 26, பின்னால் 29 பி.எஸ்.ஐ. அளவில் வைத்துப் பாருங்கள். மிகவும் குறைத்தாலும் ஆபத்து. கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். ட்யூபைக் கழற்றும்போது அப்படி ஜோடியாக ஓட்டை தெரிந்தால் முள்ளைத் தேட வேண்டாம், காற்றைக் கூட்டுங்கள்.

ஒற்றை ஓட்டை என்றால், நம் ஊரில் அது அநேகமாக சீமைக்கருவேல முள். இதற்குச் சரியான பதில் ட்யூப் இல்லாத டயரும் உள்ளே சீலன்ட்டும்தான். முள் குத்தியதும் அந்தத் திரவம் ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். உங்கள் ரிம் இதற்கு ஒத்துவராது என்றால் ட்யூபுக்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். முழுத் தீர்வு இல்லை, இருந்தாலும் பாதித் தொல்லை குறையும். ட்யூப் மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். முறிந்த முள்முனை அங்கேயே இருந்தால் புது ட்யூபும் போச்சு.

ஏற்றம் எனக்குப் பயமில்லை. இறக்கத்தில்தான் நடுக்கம். முன் ப்ரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பின் ப்ரேக்கை மட்டுமே பிடிக்கிறேன், சக்கரம் சறுக்குகிறது.
– வாசகி, கோத்தகிரி

சறுக்கத்தான் செய்யும். இறக்கத்தில் உடல் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின் சக்கரத்தில் பாரம் இல்லாததால் கொஞ்சம் பிடித்தாலே பூட்டிக்கொள்ளும். வேகத்தை உண்மையில் குறைப்பது முன் ப்ரேக்தான். குப்புற விழ வைப்பது அதைத் திடீரென இழுப்பதும், சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருப்பதும்.

சீட்டை நான்கைந்து சென்டிமீட்டர் இறக்குங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க எழுந்து நின்று, முழங்கையை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, குதிகாலைக் கீழே அழுத்துங்கள். ஒரு விரலால் மெல்ல முன் ப்ரேக்கை அழுத்திக்கொண்டே வாருங்கள். வளைவுக்கு முன்பே, நேரான தரையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ப்ரேக்கை விடுங்கள். கண் கல்லின் மேல் போனால் சைக்கிளும் கல்லுக்கே போகும். போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள்.

முதலில் ஏதாவது பள்ளி மைதானத்தின் மண் தரையில் பழகுங்கள். வேறொருவர் சைக்கிளை ஓட்டுவதாக இருந்தால் முன் ப்ரேக் எந்தக் கையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் இடது கையில் இருக்கும். பந்தயத்தில் ஒரு இடம் உங்களால் முடியாது என்று தோன்றினால் இறங்கித் தள்ளலாம், தூக்கிக்கொண்டும் ஓடலாம். விதி அதைத் தடுப்பதில்லை. பின்னால் ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு மட்டும் வழி விட வேண்டும்.

போன முறை ஆரம்பத்தில் நிதானமாகப் போனேன். ஒற்றையடிப் பாதையில் மெதுவான ஆட்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முதல் சுற்றே வீணாகிவிட்டது.
– ஓசூர் வாசகர்

மாரத்தானில் நல்ல பழக்கமான நிதானம் இங்கே எடுபடாது. அகலமான பாதை முடிவதற்குள் உங்கள் இடத்தைப் பிடித்தாக வேண்டும். ஆகவே கிளம்பும் முன் கால் மணி நேரமாவது ஓட்டி உடம்பைச் சூடாக்குங்கள், கோட்டருகே சீக்கிரம் போய் நில்லுங்கள், முதல் இரண்டு நிமிடம் மூச்சு வாங்க ஓட்டுங்கள். முந்தின நாள் பாதையைப் பார்க்க விட்டால் கட்டாயம் போங்கள். எங்கே முந்தலாம் என்பதை அன்றைக்கே குறித்துக்கொள்ளலாம். அப்புறம், முந்தும்போது 'அண்ணா, வலப்பக்கம் வர்றேன்' என்று குரல் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள்.

பயிற்சிக்குக் காட்டுப் பாதைகளில் போகலாமா?

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அதோடு, சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிள், வளைவில் நிற்கும் யானைக்கும் காட்டெருமைக்கும் தெரியாது. நீங்கள் தெரியும்போது தூரம் இருக்காது. தேயிலைத் தோட்டப் பாதை, ஏரிக்கரை, தோப்பு என்று உரியவரிடம் கேட்டு ஓட்டுங்கள்.

பந்தயத்தின் நடுவே என்ன சாப்பிடுவது?

ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் தண்ணீர் போதும். அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் போல இருக்கும். வியர்வை கொட்டுகிறவர்கள் தண்ணீரில் உப்பும் சேர்க்க வேண்டும். புதிய ஜெல் பாக்கெட்டைப் பந்தய நாளில் முதல்முறையாகப் பிரிக்காதீர்கள், வயிறு பழிவாங்கும்.

நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓட முடிந்தும் ஏன் விடவில்லை?

'80 சதவீத விதி'யாக இருக்கும். முதலில் ஓடுகிறவர் முதல் சுற்றை 15 நிமிடத்தில் முடித்தார் என்றால், அவரைவிட 12 நிமிடம் பின்தங்கியவர்களை எடுத்துவிடுவார்கள். சுற்றுப்பாதைப் பந்தயத்தில் முதல் ஆள் பின்னால் வந்து இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக சர்வதேச சைக்கிள் சங்கம் வைத்த விதி அது. என்னைக் கேட்டால், உள்ளூர் அமெச்சூர் பந்தயத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கட்டணம் கட்டி வந்தவரை ஓட விடலாம். எப்படியும், பெயர் கொடுக்கும்போதே கேட்டு வையுங்கள்.

சேறான சைக்கிளை பைக் வாட்டர் வாஷ் கடையில் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அந்த வேகத் தண்ணீர் சக்கர அச்சிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸைக் கழுவிவிடும். ஒரு பக்கெட் தண்ணீர், பழைய பிரஷ் போதும். காய்ந்ததும் செயினுக்கு மட்டும் எண்ணெய் விடுங்கள். டிஸ்க் ப்ரேக் என்றால் ஒரு சொட்டுகூட அதன்மேல் படக்கூடாது.