கானாவா, நைஜீரியாவா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, உங்கள் மகனுக்குக் கானாவில் ஒன்றும் நைஜீரியாவில் ஒன்றுமாக இரண்டு வேலை வந்திருக்கிறது, எதற்கு அனுப்பலாம் என்று கேட்ட உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "ஆப்பிரிக்கா" என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "கானா" இரண்டே இடத்தில் வருகிறது, "நைஜீரியா" ஒரே இடத்தில். பயம் எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. தம்பி போகப்போவது ஆப்பிரிக்காவுக்கு அல்ல, கானாவின் துறைமுக நகரமான டெமாவுக்கு. அல்லது நைஜீரியாவின் பெருநகரமான லாகோஸின் இகேஜா பகுதிக்கு. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட சென்னை-மதுரை தூரம்தான். ஆனால் நடுவில் டோகோ, பெனின் என்று இரண்டு நாடுகள் குறுக்கே வருகின்றன. வாழ்க்கையும் அதற்கேற்ப மாறும்.

அவனுக்கு 25 வயது. டிப்ளமோ மெக்கானிக்கல், ஒசூரில் மூன்று வருட மெயின்டனன்ஸ் வேலை. முதல் வெளிநாட்டுப் பயணம். லாகோஸ் கம்பெனி மூன்றில் ஒரு பங்கு சம்பளம் கூடுதலாகத் தருகிறது. இருந்தும் கானாவுக்கே அனுப்பச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் "திடீர்னு புரட்சி கிரட்சின்னு வந்துட்டா?" என்று கேட்டிருந்தீர்கள். கானாவில் 1966இல் தொடங்கி 1981 வரை ராணுவம் பல முறை ஆட்சியைக் கவிழ்த்தது உண்மைதான். ஆனால் 1992 அரசியல் சட்டத்துக்குப் பிறகு அது நடக்கவில்லை. 2000, 2008, 2016, 2024 என்று நான்கு தேர்தல்களில் ஆளுங்கட்சி தோற்று, சண்டையில்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறது. 2012 தேர்தலில் தோற்றவர் நீதிமன்றம் போனார். உச்ச நீதிமன்ற விசாரணையை மாதக்கணக்கில் டிவியில் நேரலையாகக் காட்டினார்கள். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, ஏற்றுக்கொண்டார், அடுத்த தேர்தலில் ஜெயித்து அதிபரானார். 2024 டிசம்பரிலோ, அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு முன்பே ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா, எதிர்க்கட்சி வேட்பாளர் மகாமாவுக்கு போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார். லஞ்சம் இல்லாத ஊர் என்று சொல்லமாட்டேன். ஆனால் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் 2023 ஊழல் பட்டியலில் (நூற்றுக்கு, மதிப்பெண் கூடினால் ஊழல் குறைவு) கானாவுக்கு 43 மதிப்பெண், இந்தியாவுக்கு 39, நைஜீரியாவுக்கு 25.

நைஜீரியாவிலும் 1999 முதல் மக்களாட்சிதான். 2015இல் பதவியில் இருந்த அதிபரே தோல்வியை ஒப்புக்கொண்டு போன் செய்த நாடு அது. ஆனால் கணக்கே வேறு: 22 கோடிக்கு மேல் மக்கள், 36 மாநிலங்கள். கானாவின் மொத்த மக்கள்தொகை தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. நீங்கள் டிவியில் பார்த்த போக்கோ ஹராம் தீவிரவாதக் குழு இருப்பது நைஜீரியாவின் வடகிழக்கில், மைடுகுரி பக்கம். லாகோஸிலிருந்து அது சென்னை-மும்பை தூரத்தைவிட அதிகம். லாகோஸில் கவலை வேறு மாதிரி: ராத்திரிப் பயணம், வழிப்பறி, சாலையில் வண்டியை நிறுத்தி "ஏதாவது பார்த்துப் போடுங்கள்" என்று கேட்கும் சீருடைக்காரர்கள். இந்தக் கடைசி விஷயம் நமக்கு ஒன்றும் புதிதல்ல.

ஆனால் அம்மா, என் அனுபவத்தில் பையன்களைக் கவிழ்த்தது துப்பாக்கி அல்ல, நாணய மதிப்புதான். என்னிடம் ஆலோசனை கேட்காமல் லாகோஸ் போய், 2024இல் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்த ஒருவனைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் முழுச் சம்பளமும் அந்த நாட்டு நாணயமான நைராவில். 2023 ஜூனில் அரசு நைராவின் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது ஒரு டாலர் 470 நைராவை ஒட்டி இருந்தது. அடுத்த வருடம் 1,500ஐத் தாண்டியது. அவன் சம்பளச் சீட்டில் ஒரு எண்கூட மாறவில்லை, ஊருக்கு அனுப்பிய பணம் மட்டும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நைராவைத் தளர்த்துவதற்குச் சில நாள் முன்புதான் பெட்ரோல் மானியத்தையும் எடுத்திருந்தார்கள். 200 நைராவுக்குக் கீழே இருந்த லிட்டர் விலை ஒரே தாவலில் 500 பக்கம் போயிற்று. நாடு ஒன்றும் கவிழவில்லை. அவன் கணக்குதான் கவிழ்ந்தது.

சரி, கானாவில் அந்தப் பிரச்சினை இல்லையா? இருக்கிறது. ஒழுங்காகத் தேர்தல் நடக்கும் அதே கானாவில், 2022 டிசம்பரில் விலைவாசி முந்தைய வருடத்தைவிட 54 சதவீதம் உயர்ந்திருந்தது. அதே மாதம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அரசு கையை விரித்தது. 2023 மே மாதம் சர்வதேச நாணய நிதியம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. 2025இல் அவர்கள் நாணயமான சீடி நன்றாகவே வலுத்தது, ஆனால் அதை நம்பி வீட்டுக்கடன் போடக்கூடாது.

ஆகவே என் நிபந்தனை இதுதான்: சம்பளம் டாலரிலோ ரூபாயிலோ எழுதப்பட்டு, பெரும்பகுதி நேராக இந்திய வங்கிக் கணக்கில் விழ வேண்டும். அங்கே சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் உள்ளூர் நாணயத்தில் அலவன்ஸ். வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும்.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். லாகோஸில் கரண்ட் போவது செய்தியே அல்ல, வருவதுதான் செய்தி. வந்ததும் தெருப் பிள்ளைகள் "அப் நெப்பா!" என்று கத்துவார்கள். நெப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். அது பெயர் மாறி, துண்டு துண்டாகத் தனியார் கைக்குப் போய்ப் பத்து வருடம் தாண்டிவிட்டது, கூச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆலைகள் சொந்த ஜெனரேட்டரை நம்பித்தான் ஓடுகின்றன. மெயின்டனன்ஸ் ஆளுக்கு அது தலைவலியும் பள்ளிக்கூடமும். தம்பி லாகோஸில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் ஒசூரில் பத்து வருடம் கற்காததைக் கற்றுவிடுவான் என்பதையும் நான் மறைக்கக்கூடாது. கானாவிலும் மின்வெட்டு உண்டு. "தும்சோர்" என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், அணை-ஏற்று என்று பொருள். ஆனால் லாகோஸ் அளவுக்கு இல்லை.

வேலை முடிந்த பிறகு என்ன என்பதில்தான் பெரிய வித்தியாசம். லாகோஸில் புதிதாகப் போகும் நம் பையன்களுக்குக் குடியிருப்பு, கம்பெனி வண்டி, ஆலை, மறுபடி குடியிருப்பு என்றே நாள் ஓடும். கேட்டுக்கு வெளியே தனியாகப் போகாதே என்பார்கள். டெமாவில் சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ட்ரோட்ரோ ஏறித் தலைநகர் அக்ரா போகலாம். ட்ரோட்ரோ என்பது நம் ஷேர் ஆட்டோவின் பெரியண்ணன் மாதிரி ஒரு வேன், நடத்துநர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கூவுவார். 25 வயதில், முதல் தனிமையில், இந்த நடை பெரிய விஷயம். நான் கானா பக்கம் சாய்வதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள்! சோறு, வெண்டைக்காய், நிலக்கடலை, காரமான மிளகாய் எல்லாம் இரண்டு நாட்டிலும் கிடைக்கும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இடது கையை நீட்டினால் அங்கேயும் முகம் சுளிப்பார்கள். நீங்கள் வளர்த்த பையனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்ராவில் கானாக்காரர்களே நடத்தும் இந்து மடம்கூட இருக்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது மலேரியாவுக்கு. கொசுவலை, டாக்டர் சொல்லும் மாத்திரை, காய்ச்சல் அடித்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. "சாதாரண ஜுரம்தான்" என்று படுத்துக்கிடப்பதுதான் ஆபத்து.

காகிதங்களில் ஒரே எச்சரிக்கை. "இப்போதைக்கு விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை அனுமதிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது கம்பெனி. நைஜீரியாவில் வெளிநாட்டு ஆளை வைக்கக் கம்பெனிக்கே கோட்டா அனுமதி இருக்க வேண்டும், அதன் நகலைக் கேட்பதில் தப்பே இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்க அனுமதிக்கப்பட்டது 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். உங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்டவர் எந்தக் கணக்கில் கேட்டார் என்று எழுத்தில் கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இரண்டு நாட்டுக்கும் கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், ஆகவே டிக்கெட் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

தம்பி இன்றே இரண்டு கம்பெனிக்கும் மெயில் போடட்டும்: சம்பளம் எந்த நாணயத்தில், எந்தக் கணக்கில்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? ஆறு மாதத்தில் திரும்பினால் டிக்கெட் யார் செலவு? பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். டெமாக்காரர்கள் சீடியில்தான் தருவோம் என்று அடம்பிடித்து, லாகோஸ்காரர்கள் டாலரில் எழுதிக் கொடுத்தால், மேலே சொன்ன தேர்தல் கதையையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு லாகோஸுக்கே அனுப்பச் சொல்வேன்.