இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகு ஏன் எழுந்திருக்க முடியவில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. சென்னை காலடிப்பேட்டையில் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை. நான்கு மாதத்துக்கு முன் மெட்ரோவில் போகும்போது, வண்ணாரப்பேட்டை தாண்டி மண்ணடி வருவதற்குள் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. மூச்சு முட்டியது, விரலெல்லாம் மரத்துப்போனது, வியர்த்துக் கொட்டியது. இதோடு செத்தோம் என்றே நினைத்தேன். மருத்துவமனையில் இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை, டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு ஐந்தாறு முறை வந்துவிட்டது. முதலில் மெட்ரோவை விட்டேன், அப்புறம் பஸ்ஸை. இப்போது வேலைக்கே போவதில்லை. ஒன்றரை மாதமாகச் சமைக்கக்கூடப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த அல்பிரசோலம் மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்குகிறது. போன வருடம் அப்பா தவறியதிலிருந்தே விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதனால் உடம்பு பலவீனமாகிவிட்டதா? இது இதயக் கோளாறா, பயமா, மனச்சோர்வா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா?

பதில்: நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால், கேட்காமல் எழுதிய ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்று தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதை இன்றைக்கே உங்கள் கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பீதியும் மனச்சோர்வும் சேர்ந்து வரும்போது, தனித்தனியாக வருவதைவிடத் தற்கொலை எண்ணம் வலுக்கும் ஆபத்து அதிகம். அந்த எண்ணம் ‘எப்படிச் செய்வது’ என்கிற அளவுக்குப் போனால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (மத்திய அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ, தமிழக அரசின் 104 எண்ணுக்கோ அழையுங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, மெட்ரோவில் நடந்தது என்ன? நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அது பேனிக் அட்டாக், அதாவது பீதித் தாக்குதல். உயிருக்கு ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடம்பைத் தயார்ப்படுத்தும் ஏற்பாடு ஒன்று நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. திருடன் வந்தாலும் பூனை வந்தாலும் ஒரே மாதிரி குரைக்கும் வீட்டு நாயைப் போல, அது சில சமயம் ஆபத்தே இல்லாதபோதும் கிளம்பிவிடும். அட்ரினலின் சுரக்கும். தசைகளுக்கு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கும், உடம்பைக் குளிர்விக்க வியர்க்கும், மூச்சு வேகமெடுக்கும். உட்கார்ந்த இடத்தில் ஓடுகிறவரைப் போல மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். விரல் மரப்பது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பது, தலை கிறுகிறுப்பது, ‘நான் இங்கே இல்லாத மாதிரி’ இருப்பது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான். காற்று போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றியபோது, உண்மையில் தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்த இடத்தில்தான் மனம் குறுக்கே வருகிறது. ‘நெஞ்சு அடிக்கிறதே, ஹார்ட் அட்டாக்கோ’ என்ற எண்ணம் பயத்தைக் கூட்டும், பயம் துடிப்பைக் கூட்டும், கூடின துடிப்பு அந்த எண்ணத்தை உறுதி செய்யும். இந்தச் சுழல் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கும். ஆனால் அந்த நேரத்தில் கதவு திறக்க, நீங்கள் மண்ணடியில் இறங்கி ஓடியிருப்பீர்கள். ‘ஓடியதால்தான் பிழைத்தேன்’ என்று மூளை குறித்துக்கொள்ளும்.

இதயத்தைப் பற்றி: முதல்முறை நெஞ்சு படபடத்தபோது மருத்துவமனைக்குப் போனது சரியான காரியம். அதில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் மூன்றும் நன்றாக வந்துவிட்டன. இன்னும் பார்க்காமல் விட்டிருந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும். அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு இ.சி.ஜி. எடுத்தால் அன்று சாயங்காலம் வரைக்கும்தான் நிம்மதி, மறுநாள் சந்தேகம் புதிதாக முளைக்கும். ஆனால் மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் விடுகிற வலி, மயங்கி விழுவது, இடது கைக்கோ தாடைக்கோ பரவி நீடிக்கிற வலி இவை புதிதாக வந்தால் ‘இதுவும் பேனிக்தான்’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் 108-ஐ அழையுங்கள்.

‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்புகிற வழக்கத்தின் மேல் எனக்கு வருத்தம் உண்டு. இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் உயிர் போகிற பயத்தை அனுபவித்துவிட்டு வந்தவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்பினால், ‘பின்னே எனக்கு என்னதான் வந்தது?’ என்ற கேள்வியை அவர் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போகிறார். ஐந்து நிமிடம் செலவழித்து இதற்குப் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்களுடைய இந்த நான்கு மாதங்கள் வேறு மாதிரி போயிருக்கலாம்.

ஏனென்றால் உங்களை முடக்கியது அந்தப் பத்து நிமிடங்கள் மட்டுமில்லை. மிச்ச நேரத்தில் நடந்ததும்தான். மறுபடி வந்துவிடுமோ என்று நாள் முழுக்க நாடியைக் கவனித்துக்கொண்டிருப்பது பெரிய உழைப்பு. மெட்ரோ போயிற்று, பஸ் போயிற்று, வேலை போயிற்று. வேலையோடு கூடச் சாப்பிடுகிற தோழிகள், மாதச் சம்பளம், ‘என்னால் முடியும்’ என்கிற தெம்பு எல்லாம் போய்விட்டன. மனிதருக்குத் தினமும் கிடைக்கிற சின்னச் சின்ன சந்தோஷங்களை ஒவ்வொன்றாகப் பறித்தால் மனம் சோர்ந்துதான் போகும். பீதியிலிருந்து மனச்சோர்வுக்குப் போகும் வழிகளில், மனநல மருத்துவராக நான் அதிகம் பார்ப்பது இதுதான்.

எதிர்த்திசையிலும் வழி உண்டு. மனச்சோர்வு முதலில் வந்து, அதன் ஒரு பகுதியாகப் பீதித் தாக்குதல் வரலாம். சிலருக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கும்: குடும்பத்தில் இருக்கும் மரபு, சிறு வயதுக் கஷ்டங்கள், பெரிய இழப்பு. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது, உடம்பு பலவீனத்துக்குக் காரணமாக நீங்கள் போகிற போக்கில் சொன்ன வரியில் என் கண் நின்றது. அப்பா தவறியதிலிருந்தே மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. வழக்கமான நேரத்துக்கு வெகு முன்பே விழித்து, பிறகு தூங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. அப்பாவை இழந்த துக்கத்தில் தூக்கம் கெடுவது இயல்புதான், அதை நோயென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் நீடித்திருக்கிறது என்றால், எல்லாம் மெட்ரோவில்தான் ஆரம்பித்தது என்று நீங்கள் நினைக்கும் கதைக்கு முன்கதை ஒன்று இருக்கலாம். இதைத்தான் உங்கள் மருத்துவர் முதலில் கேட்டறிய வேண்டும். ‘பேனிக்’ என்ற ஒரு வார்த்தையோடு போனால் அதற்கு மட்டும் மருந்து கிடைக்கும், சோர்வு கவனிக்கப்படாமல் தங்கிவிடும்.

இப்போது உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா? மனம் தளர்ந்திருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போவது, இவற்றில் ஒன்றாவது இருந்து, அதோடு தூக்கம், பசி, களைப்பு, கவனச் சிதறல், குற்ற உணர்வு, மந்தம், சாவைப் பற்றிய எண்ணம் என்று மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரத்துக்குப் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மனச்சோர்வு நோய் என்று நாங்கள் முடிவு செய்வோம். உங்களுக்கு ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனால் பீதியும் சோர்வும் இரண்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள். சோம்பேறித்தனம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

அடுத்தது மாத்திரை. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவோ கொடுக்கவோ கூடாத மருந்து. சீக்கிரம் அடக்கும், சீக்கிரம் இறங்கும், இறங்கும்போது படபடப்பு மறுபடி வரும், இன்னொன்று கேட்கும். சில வாரங்கள் தினமும் போட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். மனச்சோர்வை அது குணப்படுத்தாது. பையில் மாத்திரை இருந்தால்தான் வெளியே போக முடியும் என்கிற நிலைமை வந்தால் பயம் இன்னும் ஆழமாக ஊன்றிவிடும். நீங்கள் ஏற்கெனவே தினமும் போட்டு வந்திருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றே சட்டென்று நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

நாங்கள் வழக்கமாகத் தொடங்குவது எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள். பீதி, சோர்வு இரண்டுக்குமே இவை வேலை செய்கின்றன என்பதால் உங்களுக்குப் பொருத்தமானவை. முதல் ஒன்றிரண்டு வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு கொஞ்சம் கூடுவதும் நடக்கும். பீதி உள்ளவர்கள் இதற்கு மிரண்டு போய் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் சின்ன அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவோம். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், பீதி முழுக்க அடங்க இன்னும் சில வாரம் கூட ஆகும். ஆயுசுக்கும் போட வேண்டியதில்லை. நன்றாக ஆன பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். அல்பிரசோலத்தைப் போல இன்னொன்று கேட்கும் மருந்து இல்லை இது, ஆனாலும் திடீரென்று விட்டால் தலைசுற்றும். கர்ப்பம் தரிக்கும் யோசனை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தைவிட நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது திரும்பிப் போவதைத்தான். விட்ட இடங்களுக்குத் திரும்பப் போகாமல் பீதி முழுதாக விடாது. இதை ஒரு மனநல ஆலோசகரின் துணையோடு செய்தால் நல்லது, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். கூட்டமில்லாத மதிய வேளையில், கணவரோடு, காலடிப்பேட்டையில் ஏறி அடுத்ததாக வரும் டோல்கேட்டில் இறங்குங்கள். அது தரைக்கு மேலே ஓடும் பகுதி, வெளிச்சம் இருக்கும். அலுக்கும்வரை அதையே செய்யுங்கள். பிறகு புது வண்ணாரப்பேட்டை. தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் வந்துவிடும், அங்கே பயம் ஏறும், ஏறட்டும். இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருந்து அது தானாக இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால், எந்த மாத்திரையாலும் தர முடியாத பாடம் அது. கணவர் அடுத்த பெட்டியில், அப்புறம் நீங்கள் மட்டும், அப்புறம் காலை நெரிசலில் மண்ணடிவரை. அவசரமில்லை. வாரத்தில் ஒரு நாள் பெரிதாகச் செய்வதைவிட அநேகமாகத் தினமும் கொஞ்சம் செய்வது பலன் தரும்.

தாக்குதல் வரும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விடுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்வார்கள், அது வேண்டாம். சோடா குடிப்பதாலும் ஒன்றும் ஆகாது. பாரிமுனை அலுவலகங்களில் ஓயாமல் வரும் டீயைக் குறைத்துக்கொள்ளுங்கள், டீ, காபியில் உள்ள காஃபின் சிலருக்குப் படபடப்பைத் தூண்டும்.

இங்கே ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பீதி நோய் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் காசிமேட்டிலும் துறைமுகத்திலும் உழைக்கிற ஆண்களுக்கு இது வரும்போது ‘நெஞ்சைப் பிடிக்குது’ என்று சொல்லிக் குடியில் அடக்கப் பார்க்கிறார்கள். போதை இறங்கும் காலையில் படபடப்பு இன்னும் மோசமாக வரும். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் மந்திரித்துக்கொள்வதால் உங்களுக்கு ஆறுதல் கிடைத்தால் போய் வாருங்கள், போகும் வழியில் வெளியே நடமாடியதும் ஆயிற்று. உடம்பை வருத்துகிற பரிகாரம், பட்டினி, மருந்தை நிறுத்தச் சொல்வது இவற்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது? ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். காலையில் புறநோயாளிகள் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறது. 1794-இல் தொடங்கப்பட்ட பழைய நிறுவனம் அது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற பெயரையே வசவாக நம் ஊரில் பேசிப் பேசி, சிகிச்சை தேவைப்படுகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம். அங்கே போகிறவர்கள் எல்லோரையும் உள்ளே சேர்ப்பதில்லை. பார்த்து, மருந்து கொடுத்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

போகும்போது பழைய இ.சி.ஜி. ரிப்போர்ட்களையும் அந்த அல்பிரசோலம் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் தூக்கம் எப்போது கெட்டது, முதல் தாக்குதல் எப்போது, அழுகை எப்போது ஆரம்பித்தது என்று வரிசையாக எழுதி வையுங்கள். கூட்டத்தில் மருத்துவர் அவசரமாகக் கேட்கும்போது வாய் வராது, தாளை நீட்டிவிடலாம். அப்பா இறந்ததை அதில் முதல் வரியாக எழுதுங்கள். சாவைப் பற்றிய எண்ணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள், அதற்குள் குணம் தெரியாவிட்டாலும் அந்தத் தேதிக்குக் கட்டாயம் போய்விடுங்கள்.