ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் நான்கு குரல் பாடல் ஒன்றைக் கோர்க்கிறேன். சோப்ரானோவை (மேல் பெண்குரல்) அடித்துவிட்டு அதே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசை) ஆல்டோவைச் (கீழ்ப் பெண்குரல்) சேர்க்கப் போனால் சோப்ரானோ அழிந்துவிடுகிறது. வேறு சில பார்களில் (தாளக் கட்டங்களில்) வேண்டாத ரெஸ்ட்கள் (ஓய்வுக் குறிகள்) முளைக்கின்றன. என்ன தவறு?

பதில்: இரண்டையும் வாய்ஸ் 1-லேயே அடிக்கிறீர்கள். வாய்ஸ் என்பது ஒரு ஸ்டாஃபுக்குள் ஒரு குரலுக்கான தனி அடுக்கு. ஒரு வாய்ஸில் ஒரு நேரத்தில் ஒரு கால அளவுதான் இருக்க முடியும். அதனால் புதிதாக வரும் நோட், இருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மியூஸ்ஸ்கோரில் ஒரு ஸ்டாஃபுக்கு நான்கு வாய்ஸ் உண்டு. 1, 3 இரண்டுக்கும் தண்டு (நோட்டின் தலையிலிருந்து நீளும் கோடு) மேலே. 2, 4 இரண்டுக்கும் கீழே. நோட்டைத் தேர்ந்தெடுத்தால் 1 நீலம், 2 பச்சை, 3 ஆரஞ்சு, 4 ஊதா என்று நிறம் காட்டும். எந்த நோட் எந்த வாய்ஸில் இருக்கிறது என்பதில் சந்தேகம் வந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள்.

ஆல்டோவுக்கு: பாரின் முதல் நோட்டைத் தேர்ந்தெடுத்து ‘என்’ விசையை அழுத்துங்கள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு (மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், 2) அடிக்கத் தொடங்குங்கள். பாரின் மூன்றாவது பீட்டில் தொடங்கினால் முதல் இரண்டு பீட்டை மென்பொருள் தானாக ரெஸ்டால் நிரப்பும். நீங்கள் பார்த்த ரெஸ்ட்கள் இப்படி வந்தவையாக இருக்கலாம். ஆல்டோ உண்மையிலேயே மூன்றாவது பீட்டில்தான் நுழைகிறது, அதற்கு முன் ரெஸ்ட் காட்டவும் தேவையில்லை என்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யலாம். இது 2, 3, 4-க்கு மட்டும்தான். வாய்ஸ் 1-ன் ரெஸ்டை அழிக்க முடியாது. ‘வி’ விசையால் மறைக்கலாம், அவ்வளவுதான். இரண்டு குரலும் இடம் மாறிப் போயிருந்தால் மறுபடி அடிக்க வேண்டாம். அந்தப் பார்களைத் தேர்ந்தெடுத்து டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் 1-ஐயும் 2-ஐயும் மாற்றும் கட்டளையைக் கொடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். நான்கு குரல் பாடலுக்குத் தனித்தனித் தண்டு வேண்டும். அதையே பியானோவுக்கு எளிமையாக்கி எழுதும்போது, ஒரு கையில் இரண்டு நோட்டும் ஒரே தாளத்தில் போனால் அது கார்டுதான் (ஒரே தண்டில் சேர்ந்து ஒலிக்கும் நோட்கள்). ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு நோட் எழுத்தை அடித்துக் கார்டாகவே வையுங்கள். தேவையில்லாமல் எதிரெதிர்த் தண்டு போட்ட பக்கம் வாசிப்பவரின் கண்ணைக் களைப்பாக்கும்.

கேள்வி: மேல் குரலில் குவேவர் (அரைக்கால் நோட்), கீழ்க் குரலில் அதே சுருதியில் மினிம் (அரை நோட்). கட்டளைகளை எழுதி இசைக்குறிப்பு உருவாக்கும் லில்லிபாண்ட் மென்பொருள் இரண்டு தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. அச்சுப் புத்தகங்களில் ஒரே தலையாகப் பார்த்திருக்கிறேன்.

பதில்: லில்லிபாண்ட் வேண்டுமென்றே செய்வது அது. குரோச்செட்டும் (கால் நோட்) குவேவரும் இரண்டுமே கறுப்புத் தலை என்பதால் தானாகவே ஒன்றாகிவிடும். வெள்ளையும் கறுப்பும் சந்தித்தால் அனுமதி கேட்கும். அதற்கான கட்டளை ‘மெர்ஜ் டிஃபரன்ட்லி ஹெடட் ஆன்’. முன்னால் பின்சாய்கோடு வைத்து, இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதுங்கள். முதல் சொல்லைத் தவிர மற்றவை பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அதன்பின் மினிமின் வெள்ளைத் தலை மட்டும் நிற்கும். குவேவரை மேலே போகும் தண்டும் கொடியும் காட்டிக்கொடுத்துவிடும். மினிமும் குரோச்செட்டும் சந்தித்தால் இந்தக் கட்டளைக்குப் பிறகும் ஒன்றாகாது. குரோச்செட்டுக்குக் கொடி கிடையாது. தலையும் வெள்ளையாகிவிட்டால் அதை மினிமிலிருந்து பிரித்துச் சொல்ல வழியே இல்லை. புள்ளி உள்ளதையும் இல்லாததையும் இணைக்கத் தனிக் கட்டளை உண்டு: அதே பெயரில் ‘ஹெடட்’ இருக்கும் இடத்தில் ‘டாட்டட்’.

மூன்றாவது குரலும் அதே இடத்தில் வந்தால் கட்டளை இருந்தும் இணைப்பு நடக்காமல் போகலாம். இணைய வேண்டாத குரலுக்கு ‘ஷிஃப்ட் ஆன்’ கொடுத்துச் சற்றுத் தள்ளி வைத்தால் மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். இரு குரலுக்கும் இடையே ஒரு செகண்ட் (அடுத்தடுத்த இரு சுரங்களின் இடைவெளி) மட்டும் இருக்கும்போது மேல் நோட் இடப்பக்கமும் கீழ் நோட் வலப்பக்கமும் நிற்பது பிழையல்ல. அப்படி நின்றால்தான் இரண்டு தண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரும். அதைக் கையால் இழுத்துச் ‘சரி’ செய்யாதீர்கள்.

கேள்வி: லில்லிபாண்டில் இரு கோணக்குறிகளுக்குள் இரட்டைப் பின்சாய்கோடு போட்டு இரண்டு குரலைப் பிரிக்கிறேன். முந்தைய பாரிலிருந்து வரும் டை (ஒரே சுருதியிலுள்ள இரு நோட்டை இணைக்கும் வளைகோடு) அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது.

பதில்: இரட்டைப் பின்சாய்கோடு இரண்டு பக்கத்தையும் புதிய வாய்ஸாக உருவாக்குகிறது. டை கிளம்பிய வாய்ஸ் வேறு, வந்து சேர வேண்டிய நோட் இருக்கும் வாய்ஸ் வேறு. ஸ்லரும் (வெவ்வேறு நோட்களைச் சேர்த்து இசைக்கச் சொல்லும் வளைகோடு) இதே காரணத்தால் அறும். பின்சாய்கோட்டை விட்டுவிடுங்கள். தொடர வேண்டிய குரலை ‘வாய்ஸ் ஒன்’ என்று தொடங்கி சாதாரண அடைப்புக்குள் எழுதுங்கள். மற்றதற்கு மட்டும் ‘நியூ வாய்ஸ்’ கொடுத்து உள்ளே ‘வாய்ஸ் டூ’. முதலாவது பழைய வாய்ஸாகவே தொடர்வதால் டை பிழைக்கும். பகுதி முடிந்ததும் ‘ஒன் வாய்ஸ்’ போட மறந்தால், அதன்பின் வரும் தனிக்குரல் பகுதியிலும் எல்லாத் தண்டும் மேல்நோக்கியே நிற்கும்.

கேள்வி: ஃபியூகின் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தொடரும் இசை வடிவம்) நடுக்குரல் இடது கையில் தொடங்கி வலது கைக்குப் போகிறது. இரண்டு ஸ்டாஃபிலும் துண்டுதுண்டாக அடித்து, இடையிலுள்ள ரெஸ்டை மறைத்தேன். பார்க்க நன்றாக இருக்கிறது. இது போதுமா?

பதில்: ஸ்லரோ பீமோ (நோட்களின் தண்டுகளை இணைக்கும் தடித்த கோடு) அந்த இடத்தைக் கடக்க வேண்டி வரும்வரை போதும். அப்போது மாட்டிக்கொள்வீர்கள். குரல் முழுவதையும் ஒரே ஸ்டாஃபில், ஒரே வாய்ஸில் அடித்து முடியுங்கள். மேலே போக வேண்டிய நோட்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். காட்சியில் மேல் ஸ்டாஃபுக்குப் போனாலும் நோட் கீழ் ஸ்டாஃபின் வாய்ஸுக்கே சொந்தமாக இருக்கும்; அதனால் பீமும் ஸ்லரும் தொடரும். மேலே ஏற்கனவே ஒரு குரல் இருந்தால், வந்த நோட்களின் தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘எக்ஸ்’ விசையால் திருப்புங்கள்.

லில்லிபாண்டில் இரண்டு ஸ்டாஃபுக்கும் பெயர் வைத்து, மாறும் இடத்தில் ‘சேஞ்ச் ஸ்டாஃப்’ எழுத வேண்டும். மேல் ஸ்டாஃபுக்குச் சொந்தமாக இசை இல்லாத பார்களில் வெற்று ரெஸ்டால், அதாவது ‘எஸ்’ எழுத்தால், அதை உயிரோடு வைத்திருங்கள். குரல் போகும் வழியை மெல்லிய கோடாகக் காட்ட ‘ஷோ ஸ்டாஃப் ஸ்விட்ச்’ உண்டு. கற்பிக்கும் பதிப்பில் அது நல்ல உதவி. கச்சேரிப் பிரதியில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: இரு குரலும் ஒன்றாக ஓயும் இடத்தில் இரண்டு ரெஸ்ட் அடுக்காக வருகிறது.

பதில்: மியூஸ்ஸ்கோர் 4-ல் ஸ்டைல் சாளரத்தின் ரெஸ்ட் பக்கத்தில், பொருந்தும் ரெஸ்ட்களை இணைக்கும் தேர்வு இருக்கிறது. லில்லிபாண்டில் ‘மெர்ஜ் ரெஸ்ட்ஸ் என்கிரேவர்’ ஒன்றை ஸ்டாஃப் சூழலில் சேர்த்தால் போதும். இரண்டு ரெஸ்டின் கால அளவும் ஒன்றாக இருந்தால்தான் இணையும்.

கேள்வி: என் பழைய கோப்புகள் எல்லாம் ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளில். எப்படிக் காப்பாற்றுவது?

பதில்: ஃபினாலேயின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அது உங்கள் கணினியில் ஓடும்போதே எல்லாவற்றையும் மியூசிக்எக்ஸ்எம்எல்-ஆக (வேறு இசைக்குறிப்பு மென்பொருள்களும் திறக்கும் பொதுக் கோப்பு வடிவம்) ஏற்றுமதி செய்துவிடுங்கள். அந்த வடிவத்தில் ஒரு குரல் முடிந்ததும் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தி அடுத்த குரல் எழுதப்படுகிறது. எனவே புதிய மென்பொருளில் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை, குரல் பாதியில் நுழையும் பார்கள், மறைத்து வைத்திருந்த ரெஸ்ட்கள், ஸ்டாஃப் தாண்டும் நோட்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பிடிஎஃப் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எது இடம் மாறியது என்று பின்னால் சொல்ல முடியாது.