அரசுப் பள்ளி மாணவர்களை ஒரு நாள் கல்லூரி பார்க்க அழைத்துப் போவதால் உண்மையில் பயன் உண்டா?

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் கூட்டிப் போகிறார்களே, அதில் என்ன மாறிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் அங்கே யாரிடம் பேசவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், இப்படி வருகிற பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவதும் என் வேலை.

வழக்கமாக நடப்பது இதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அரங்கில் உட்கார வைத்து வரிசையாக உரைகள். பாதிப் பேருக்குக் கொட்டாவி. லேபுக்குள் வந்தால் கொஞ்சம் முகம் மலரும். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றால் மட்டும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள்.

அதே பிள்ளைகளை, அவர்கள் பள்ளியிலேயே படித்துவிட்டு இங்கே இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் நகர்ந்துவிட வேண்டும். "அக்கா, பாடமெல்லாம் இங்கிலீஷ்லயா? தமிழ் மீடியம்னு கிண்டல் பண்ணுவாங்களா? சாயங்காலம் நம்ம ஊருக்குக் கடைசி பஸ் எப்ப?" கேள்வி நிற்காது. இதற்கெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகப் பதில் தெரியும்.

பணக் கணக்கையும் அவளே சொன்னால் நம்புவார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021இலிருந்து இருக்கிறது. அதில் சேர்பவர்களின் படிப்பு, ஹாஸ்டல் செலவை அரசே ஏற்கிறது. இன்ஜினியரிங் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் என்று வீட்டில் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது பெரிய செய்தி. குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கப் போகிறவர்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைக்கவும் சொல்லலாம். ரிசல்ட் வந்த பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. முடிவெடுப்பது வீட்டில், ஆனால் பஸ்ஸில் ஏற்றுவது பிள்ளைகளை மட்டும். பெண் பிள்ளை தங்கப்போகும் ஹாஸ்டலை அம்மா ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அப்புறம், பக்கத்துக் கல்லூரியோடு நிறுத்திவிடுவதால் நல்ல கட்-ஆஃப் வாங்கக்கூடிய பிள்ளைகூட சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைப் பார்த்திருக்காது.

நீங்கள் ஆசிரியர் என்றால், வருவதற்கு ஒரு வாரம் முன்பு கல்லூரிக்குச் சொல்லிவிடுங்கள். சேர்க்கை விண்ணப்பத்தில் படித்த பள்ளியின் பெயர் இருக்கும். அதை வைத்து உங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து அன்றைக்கு நிறுத்திவைப்பது எங்களுக்குப் பெரிய வேலையில்லை.