மூன்று ஊசி, ஒரே காலை: ஹார்மோன் தூண்டல் சோதனை கேள்வி பதில்

கேள்வி: பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருந்து மற்ற சுரப்பிகளுக்கு ஆணையிடும் சுரப்பி) சோதனைக்கு மூன்று ஊசிகளை ஒன்றாகப் போடுவார்களாமே, முடிவுகள் குழம்பாதா?

பதில்: குழம்பாது. ஊசிகள் இன்சுலின், டிஆர்எச், ஜிஎன்ஆர்எச்; ஒவ்வொன்றும் எழுப்புகிற ஹார்மோன் வேறு. இன்சுலின் ரத்தச் சர்க்கரையை இறக்கும். அந்த நெருக்கடியில் கார்ட்டிசாலும் (சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) வளர்ச்சி ஹார்மோனும் ஏற வேண்டும். டிஆர்எச்சுக்கு டிஎஸ்எச்சும் (தைராய்டைத் தூண்டுவது) புரோலாக்டினும் (பால் சுரக்க வைப்பது) ஏறும். ஜிஎன்ஆர்எச்சுக்கு எல்எச், எஃப்எஸ்எச் (கருப்பை முட்டையகம், விந்தகத்தைத் தூண்டுபவை). கையில் ஒரே கேனுலா (ரத்தக்குழாயில் பொருத்தும் மெல்லிய குழாய்), அதிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் குழாய் குழாயாக ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை டெசிலிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே போய், நெற்றி வியர்த்துக் கை நடுங்க வேண்டும். 55-லேயே நின்றுவிட்டால், கார்ட்டிசால் ஏறவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலிப்பு, இதய நோய் இருப்பவர்களுக்கு இன்சுலின் சோதனை வேண்டாம்.

கேள்வி: அதோடு சினாக்தெனையும் (அட்ரினலை நேரடியாகத் தூண்டும் ஊசி) போட்டால் அட்ரினல் சோதனையும் முடிந்துவிடுமே?

பதில்: இரண்டும் கார்ட்டிசாலைத்தான் ஏற்றும். ஏற்றியது எது என்று எப்படிப் பிரிப்பது? வேறொரு நாள் வையுங்கள்.

கேள்வி: சோதனைக்காக ஸ்டீராய்டு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: இல்லை, ஆபத்து. இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். வாந்தி, மயக்கம் என்றால் நேராக அவசர சிகிச்சைக்கு.

கேள்வி: கருத்தடை மாத்திரை?

பதில்: ஈஸ்ட்ரோஜன் உள்ளது என்றால், கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடி, அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். வழக்கமாக ஆறு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

கேள்வி: சினாக்தென் நார்மல் என்றால் பிட்யூட்டரியும் நார்மல்தான். இன்சுலின் வீண் சித்திரவதை.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். பல மாதமாக ஏசிடிஎச் (பிட்யூட்டரி அட்ரினலுக்கு அனுப்பும் ஆணை ஹார்மோன்) குறைந்திருந்தால் அட்ரினல் சுருங்கிவிடும், சினாக்தென் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் பிட்யூட்டரி அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது என்றால்? அட்ரினல் இன்னும் தெம்பாக இருக்கும், 250 மைக்ரோகிராமுக்குத் துள்ளி எழும். மேலிடத்தில் ஆணை போட ஆளில்லை என்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: (அவரே) அதற்குத்தான் 1 மைக்ரோகிராம் சோதனை இருக்கிறதே?

பதில்: 250 மைக்ரோகிராம் மருந்தை நீர்த்துப் போட வேண்டும், பிளாஸ்டிக் குழாயில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே போனது 1 தானா? தவிர, பத்தாம் நாளில் தெம்பாக இருக்கும் அட்ரினல் 1-க்கும் எழலாம். அளவைக் குறைத்தாலும் கேள்வி அதேதான்.

கேள்வி: சோதனைக்கு முன் ப்ரெட்னிசோலோனை நிறுத்தலாமா?

பதில்: அதுவும் ஸ்டீராய்டுதான். மூன்றாம் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: ஹைட்ரோகார்ட்டிசோனை?

பதில்: அதுவும் அங்கேதான்.